மூலையில் தொடங்காத கோடு

எங்கள் கம்பெனியில் வரையப்படும் எல்லாக் கோடுகளும் இடது பக்கக் கீழ்மூலையிலிருந்துதான் கிளம்பும். உற்பத்திக் கோடு, கழிவுக் கோடு, கரண்ட் செலவுக் கோடு, எதுவாக இருந்தாலும் சரி. மூலையில் ஒரு புள்ளி, அங்கிருந்து வலது பக்கம் மேலே ஒரு இழுப்பு. யார் இதைச் சட்டமாகப் போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. நான் சேர்ந்த புதிதில் ஒரு கோடு மூலைக்குக் கொஞ்சம் மேலே தொடங்கியதைப் பார்த்து எங்கள் மேனேஜர் துளசிராமன் சார், "இன்னாம்மா இது, அந்தரத்துல தொங்குது?" என்று சிரித்தார். கம்ப்யூட்டரில் அதற்கென்றே ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. அதில் டிக் போட்டால் கோடு சமர்த்தாக மூலைக்கு வந்துவிடும். சம்பளம் கொடுக்கிறவர்கள் மூலை என்றால் மூலைதான்.

என் பெயர் ஏஞ்சலின். திருவள்ளூரில் வீடு. கணக்கில் பட்டம் வாங்கிவிட்டு, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கார்களுக்கு ஆயில் சீல் செய்கிற கம்பெனியில் தரப் பிரிவில் உட்கார்ந்திருக்கிறேன். ஆயில் சீல் என்றால் உள்ளங்கையில் அடங்குகிற ரப்பர் வளையம். அதன் உள்விளிம்பில் மயிரிழை அளவு கீறல் இருந்தாலும் எண்ணெய் கசியும். அந்தக் கீறலைக் கண்டுபிடிப்பது மெஷின் அல்ல, பெண்கள். வட்ட விளக்குக்கு அடியில், பூதக்கண்ணாடி வழியாக, ஒவ்வொரு வளையத்தையும் விரலால் சுழற்றிப் பார்த்து நல்லதை ஒரு தட்டிலும் கெட்டதைச் சிவப்புப் பெட்டியிலும் போட வேண்டும். ஷிப்டு முழுக்க இதேதான். ஒருநாள் ஆசைப்பட்டு நானும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தேன். எழுந்து வெளியே வந்தபோது எதிரே வந்தவர்கள் முகமெல்லாம் வட்டமாகவே தெரிந்தது.

அந்தத் திங்கட்கிழமை காலை ஒரு கார் கம்பெனியிலிருந்து புகார் வந்தது. நாங்கள் அனுப்பிய ஒரு பெட்டியில் கீறல் விழுந்த சீல்கள் இருந்தனவாம். அவர்களுடைய லைனை நிறுத்தி, பூட்டியதையெல்லாம் கழற்றினார்களாம். பெட்டியின் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தால் யார் பார்த்தது, எப்போது பார்த்தது என்று தெரிந்துவிடும். பார்த்தவள் செண்பகம். நேரம், காலை ஷிப்டின் முதல் மணி.

"ஃபர்ஸ்ட் அவர்ல!" என்றார் துளசிராமன் சார். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. "ஷிப்டு முடியற நேரத்துல வுட்டிருந்தா கூட ஒரு நியாயம் கீது, டயர்டுன்னு சொல்லலாம். வந்து குந்தன ஒடனே இன்னாம்மா டயர்டு?"

பக்கத்தில் நின்ற வரதன் தலையை ஆட்டினான். காண்ட்ராக்ட் பெண்களையெல்லாம் அனுப்பி வைப்பவன் அவன்தான். "அது எப்பயும் தூங்கி வழியுற கேஸுதான் சார். மாத்திடலாம். நாளைக்கே வேற ஆள் இட்டாரேன்."

"நாளைக்கே வேணாம். ரிப்போர்ட் போவட்டும். ஏஞ்சலின், வெள்ளிக்கிழமைக்குள்ள ரிப்போர்ட் ரெடி பண்ணு. காரணம், ஆளோட அலட்சியம். ஃபர்ஸ்ட் அவர்ல டயர்டு இருக்காதுன்னு காட்ட நம்ம டம்மி பீஸ் கிராஃப போட்டுடு. நடவடிக்கை, ஆள் நீக்கம்."

டம்மி பீஸ் என்பது எங்கள் கம்பெனி வழக்கம். நாங்களே கீறிய சில வளையங்களை நல்ல வளையங்களோடு கலந்து பெண்களின் தட்டில் போட்டுவிடுவோம். நீல விளக்கில் மட்டும் தெரிகிற ஒரு மைப்புள்ளி அதில் இருக்கும். மணிக்கொரு தடவை தட்டுகளை வாங்கி, எத்தனை டம்மி தப்பித்துப் போயிருக்கிறது என்று நான் எண்ணிக் குறிப்பேன். நேரம் ஆக ஆகத் தப்பிப் போவது கூடும். அதைத்தான் கோடாக வரைந்து சுவரில் மாட்டியிருந்தார்கள். வழக்கம்போல மூலையில் தொடங்கும் கோடு. வேலை ஆரம்பிக்கும்போது களைப்பு சைபர், பிழை சைபர். யாரும் சந்தேகப்பட்டதில்லை. சந்தேகப்பட எனக்கும் தெம்பு இருந்ததில்லை.

செண்பகம் அக்கா எனக்கு பஸ் சிநேகிதி. கம்பெனி பஸ் விடிவதற்கு முன்பே திருவாலங்காட்டில் கிளம்பி, வழியெல்லாம் நின்று நின்று, திருவள்ளூர், பெரியபாளையம் என்று ஆட்களை அள்ளிக்கொண்டு கும்மிடிப்பூண்டி போய்ச் சேரும். ஆபீஸ் ஆட்களுக்கென்று தனி பஸ் கிடையாது. முதலில் ஏறுகிறவள் செண்பகம் அக்கா. எனக்காக ஜன்னல் பக்கம் ஒரு இடத்தில் டிபன் பையை வைத்துப் பிடித்திருப்பாள். நான் ஏறும்போது பாதித் தூக்கத்தில் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, நான் உட்கார்ந்ததும் மீதித் தூக்கத்தைத் தொடருவாள். காலையில் நாங்கள் பேசிக்கொண்டதே கிடையாது. பேச்செல்லாம் சாயங்காலம்தான்.

அன்று சாயங்காலம் பஸ் கிளம்பியதும் அவளே ஆரம்பித்தாள். "வரதன் சொன்னான். என்ன தூக்கப் போறாங்களாமே?"

"இன்னும் ரிப்போர்ட் போகலக்கா."

"நீதான எழுதுற?"

தலையை ஆட்டினேன். அவள் கோபப்படவில்லை. கோபப்படுவதற்கு வேண்டிய தெம்பை வட்ட விளக்கு உறிஞ்சி வைத்திருந்தது.

"கொஞ்சம் பாத்து எழுது ஏஞ்சலு. எங்க ஊட்டுக்காரருக்கு எழுந்து நடக்க முடியாது. கட்டட வேலைல சாரத்துலருந்து வுழுந்ததுலருந்து படுக்கைதான். இந்த வேலையும் போச்சுன்னா ரொம்ப பேஜாராயிடும்."

ஆதிகேசவன் என்ற அவள் கணவரை நான் பார்த்ததில்லை. அவர் விழுந்தது தெரியும். ஆனால் படுத்தே கிடக்கிறார் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. இத்தனை நாள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்து வந்திருக்கிறேன்.

"காலைல எத்தினி மணிக்குக்கா எழுந்துப்ப?"

"பஸ்ஸு நாலுக்கே கோயிலாண்ட வந்துடும். மூணுக்கு எழுந்தாலே பத்தல. சோறு வடிச்சு, அவர பொரட்டிப் போட்டுத் தொடச்சு, துணி மாத்தி, ரெண்டு வாய் நாஷ்டா ஊட்டி வுட்டுட்டு வரணும். பெரிய ஒடம்பு. ஒத்த ஆளா பொரட்டறதுக்குள்ள மூச்சு வாங்கிடும். அப்பறம் பக்கத்தூட்டு குணசுந்தரி வந்து பாத்துக்கும்." கொட்டாவி விட்டாள். "கம்பெனிக்குள்ள வந்து குந்தும்போதே எனக்கு ஒரு நாள் முடிஞ்ச மாரி இருக்கும். அப்பறம்தான் சங்கு ஊதுவாங்க, வேல ஆரம்பம்னு."

இதைச் சொல்லிவிட்டு அவள் தலையைச் சாய்த்துக்கொண்டாள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்கள் பஸ் ஜன்னல்களைக் கழுவிப் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. லாரிகள் கிளப்பும் புழுதி உள்பக்கமும் அப்பியிருக்கும். சாயங்கால வெயில் பட்டு அந்தப் புழுதி மஞ்சளாகத் தெரிந்தது.

ஒன்பதாம் வகுப்பிலோ பத்தாம் வகுப்பிலோ நேர்க்கோட்டின் சமன்பாட்டைப் படித்தேன். சாய்வு ஒன்று, ஒய் வெட்டுத்துண்டு ஒன்று. கோடு நிமிர்ந்து நிற்கிற அச்சை எந்த இடத்தில் வெட்டுகிறதோ அதுதான் வெட்டுத்துண்டு. எக்ஸுக்கு சைபர் போட்டால் விடை வந்துவிடும், மார்க்கும் வந்துவிடும். கல்லூரியிலும் அப்படியே. எத்தனையோ கோடுகளுக்குக் கண்டுபிடித்துக் கொடுத்தேன். அது எதற்கு என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு பட்டமும் ஒரு வேலையும் ஒரு அழுக்கு ஜன்னலும் தேவைப்பட்டிருக்கின்றன. என் மேலேயே எரிச்சல் வந்தது.

விரலால் புழுதியில் படுக்கையாக ஒரு கோடும் நிமிர்ந்து ஒரு கோடும் கிழித்தேன். விரல் கண்ணாடியில் கீச்சிட்ட சத்தம் கேட்டு அக்கா கண்ணைத் திறந்தாள்.

"இன்னா பண்ற? கை அழுக்காவுது பாரு."

"இது நேரம்க்கா. சங்கு ஊதினது இந்த மூலை. இப்படி வலது பக்கம் போகப் போக ஷிப்டு போகுது. இது களைப்பு. மேல போகப் போக ஜாஸ்தி." மூலையிலிருந்து ஒரு கோடு இழுத்தேன். "கம்பெனியில இப்படித்தான் வரையறாங்க. சங்கு ஊதறப்ப களைப்பே கிடையாதாம்."

"யாருக்குக் கெடையாது?"

"அதான். கும்மிடிப்பூண்டியிலயே வீடு இருக்கிற மோனிகா சைக்கிள்ல வருது. அதுக்கு வேணா மூலைகிட்ட ஆரம்பிக்கலாம். உனக்கு இங்க ஆரம்பிக்குது." நிமிர்ந்த கோட்டில் ஒரு சாண் மேலே விரலை வைத்து, முதல் கோட்டுக்கு இணையாக இன்னொன்று இழுத்தேன். "வேலை ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான், அதனால சாய்வு ஒண்ணு. ஆனா நீ உள்ள வரும்போதே இவ்வளவு உயரத்துல வர்ற. இந்த உயரத்துக்குத்தான் வெட்டுத்துண்டுன்னு பேரு."

அவள் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு விரலை நீட்டி, நான் வைத்த புள்ளியைத் தொட்டாள்.

"இது எங்க ஊட்டுக்காரரு, சோறு, பஸ்ஸு எல்லாம் சேந்ததா?"

"ஆமாக்கா."

"அதுக்கு ஒரு பேரு வச்சிருக்காங்களா!" என்று சிரித்தாள். நிஜமாகவே சந்தோஷப்பட்டாள். பிறகு என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். திருவள்ளூரில் நான் எழுந்தபோது அவள் தலையை மெல்லத் தூக்கிச் சீட்டின் முதுகில் சாய்த்துவிட்டு இறங்கினேன்.

மறுநாளிலிருந்து பழைய டம்மிக் கணக்கையெல்லாம் எடுத்து, பெண்களை ஊர்வாரியாகப் பிரித்தேன். மூலைக்கு இழுக்கும் அந்த டிக்கை எடுத்துவிட்டேன். கம்ப்யூட்டர் ஒரு நொடி யோசித்துவிட்டுக் கோடுகளைப் போட்டது. எனக்கு மயிர் கூச்செறிந்தது. உள்ளூர்ப் பெண்கள், பெரியபாளையத்துப் பெண்கள், திருவள்ளூர், திருவாலங்காடு என்று கோடுகள் ஒன்றின் மேல் ஒன்றாக, ஏறக்குறைய ஒரே சாய்வில், ரயில் தண்டவாளங்கள்போல ஓடின. சங்கு ஊதும் நேரத்தில் யாரும் யாரையும் அளந்ததில்லை. ஆனால் கோட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டே போனால், அளக்காத அந்த இடத்திலும் ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு உயரத்தில் அச்சை வெட்டியது. பஸ் எந்த ஊரில் முதலில் நிற்கிறதோ அந்த ஊர் மேலே. திருவாலங்காட்டுப் பெண்கள் முதல் மணியில் விடுகிற பிழையும், உள்ளூர்ப் பெண்கள் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் விடுகிற பிழையும் ஒரே அளவு.

என்னை யாரும் பாராட்டாத ஒரு சின்ன அறையில் நான் எனக்கே கை தட்டிக்கொண்டேன். இனிமேல் செண்பகம் அக்காவை அலட்சியம் என்று யாரும் சொல்ல முடியாது. அந்த நிமிஷம் நான் பட்ட சந்தோஷத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை துளசிராமன் சாரிடம் காட்டினேன். அவர் கெட்டவர் இல்லை. இதைச் சொல்லியாக வேண்டும். சோழவரத்திலிருந்து தினமும் பைக்கில் வருகிறவர், முதுகுவலிக்கு இடுப்பில் பெல்ட் கட்டியிருப்பார், சாயங்காலம் ஆனால் அவருக்கும் முகம் வாடிவிடும். முதலில், "மறுபடியும் அந்தரத்துல தொங்க வுட்டுட்டியா?" என்றார். நான் பொறுமையாகச் சொன்னேன். டிக்கை எடுத்தது, ஊர்வாரியாகப் பிரித்தது, சாய்வு ஒன்றாக இருப்பது, தொடக்கம் மட்டும் வேறாக இருப்பது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"அப்போ செண்பகம் வந்து எறங்கறப்பவே பாதி ஷிப்டு முடிச்சிட்டு எறங்குது."

"ஆமா சார்."

"அலட்சியம் இல்ல."

"இல்ல சார்."

நாற்காலியில் சாய்ந்தார். "இத்தினி வருஷமா சாய்வையே பாத்துக்கினு இருந்தோம். நடுவுல டீ குடு, லைட்ட மாத்து, சேர மாத்துன்னு. ஆரம்பம் எங்கன்னு எவனும் பாக்கல. சூப்பர்மா." எழுந்து வந்து என் தோளில் தட்டினார். "அந்தப் பொண்ணு மேல தப்பு இல்லன்னே எழுதிடு. பாவம்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவசரமாகத் தட்டச்சு செய்தேன். காரணம், ஆளின் அலட்சியம் அல்ல. பணிக்கு வருமுன்பே சேர்ந்துவிடும் களைப்பு. அதற்கு அடுத்த கட்டம் காலியாக இருந்தது. நடவடிக்கை.

"அது சிம்பிள்" என்றார். "எது ரொம்ப மேல வெட்டுதோ அத எடுத்துட வேண்டியதுதான். திருவள்ளூருக்கு அந்தப் பக்கம் பஸ் வேணாம். அடுத்த மாசத்துலருந்து பஸ் திருவள்ளூர்லருந்து கெளம்பட்டும். அங்கருந்து வர்ற ஆளுங்களுக்குப் பதிலா இங்க பக்கத்துல எடுக்கச் சொல்லி வரதன்கிட்ட சொல்லிடறேன். கஸ்டமருக்கும் புடிக்கும், டேட்டாவோட கீது."

நான் அவரையே பார்த்தேன். அவர் கேலி செய்யவில்லை. கணக்கைச் சரியாகப் புரிந்துகொண்டிருந்தார். நான் சொல்லிக் கொடுத்ததை அப்படியே, ஒரு பிசிறு இல்லாமல் புரிந்துகொண்டிருந்தார். நான் வரைந்த கோடுகளில் மேலே இருந்ததை மட்டும் ரப்பரால் அழித்துவிட்டார். அழிந்தது எனக்கு அடுத்த கோடு. என் ஊர் தப்பித்தது.

"சார், பஸ்ஸ ஊர் ஊரா நிறுத்தாம நேரா விட்டா ஒரு மணி நேரம் மிச்சமாகும். அந்த ஒரு மணி நேரம் அவங்க தூங்கினா கோடு தானா கீழ வரும்."

"ரெண்டாவது பஸ்ஸு எவன் குடுப்பான்?"

"காலையில அவங்கள பேக்கிங்ல போடலாம். செக்கிங்க உள்ளூர்ப் பொண்ணுங்க பாக்கட்டும். டீக்கு அப்பறம் மாத்திக்கலாம்."

"ஆடிட்ல ஒத்துக்க மாட்டாங்கம்மா. செக்கிங் ஆள் செக்கிங்லதான் இருக்கணும்."

கடைசியாக ஒரு காகிதத்தை இழுத்துக்கொண்டேன். "சார், சங்கு ஊதற நேரத்த நாமதான சைபர்னு வச்சிருக்கோம்? அவங்க எழுந்த நேரத்த சைபர்னு வச்சுப் பாருங்க." அந்தந்த ஊர்ப் பெண்கள் சங்குக்கு எவ்வளவு நேரம் முன்பே எழுந்திருப்பார்கள் என்று பஸ் நேரத்தை வைத்துக் கணக்கிட்டு, நான்கு கோடுகளையும் அந்த அளவுக்கு வலப்பக்கம் தள்ளி வரைந்தேன். நான்கும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து ஒரே கோடாயின. அந்த ஒரே கோடு, அவர் ஆசைப்படியே, மூலைக்குக் கிட்டத்தில் தொடங்கியது. "பாருங்க. ஆளுக்கு ஆள் வித்தியாசமே இல்ல. எல்லாரும் ஒரே மாதிரிதான் களைச்சுப் போறாங்க. செண்பகம் அக்கா மூணு மணிக்கே வேலைய ஆரம்பிச்சிடுது, அவ்ளோதான்."

அவர் அதையும் பார்த்தார். அதையும் புரிந்துகொண்டார். முகத்தில் தெரிந்தது.

"கேட்டுக்கு வெளிய நடக்கறது நம்ம டேட்டா இல்லம்மா."

"வெளிய நடக்கறது நம்ம டேட்டா இல்லன்னா, அத வச்சு ஆள மட்டும் எப்படி சார் கழிக்கறீங்க?"

குரலை உயர்த்திவிட்டேன். பக்கத்து மேசையில் எல்லாரும் தலையைத் திருப்பினார்கள். துளசிராமன் சார் இடுப்புப் பெல்ட்டைச் சரிசெய்துகொண்டார். "டைப் பண்ணும்மா. இன்னிக்கு அனுப்பியாவணும்."

"நான் பண்ண மாட்டேன் சார்."

அவர் என்னைத் திட்டவில்லை. கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, இரண்டு விரலால், எழுத்து எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். நான் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நான் அடித்திருந்தால் ஒரு நிமிஷம் ஆகியிருக்கும், அவருக்குக் கொஞ்சம் அதிக நேரம் ஆனது. என் வீராப்பால் நடந்தது அவ்வளவுதான்.

சாயங்காலம் பஸ்ஸில் அக்காவிடம் சொன்னேன். சுற்றி வளைக்காமல் சொல்ல வேண்டும் என்று நினைத்து, முதல் பாதியைச் சொன்னதும் நிறுத்திவிட்டேன்.

"என் மேல தப்பு இல்லன்னு எழுதிட்டாங்களா? அந்த சாரேவா?" அவள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். வளையங்களைச் சுழற்றிச் சுழற்றி அவள் விரல் நுனிகள் ரப்பரைப் போலவே வழவழவென்று இருந்தன. "எனக்கு அதான் ஏஞ்சலு அசிங்கமா இருந்துச்சு. தூங்குமூஞ்சி தூங்குமூஞ்சின்னு அந்த வரதன் எல்லாருக்கும் முன்னால சொல்லிக்கினு இருந்தான்."

"அக்கா, இன்னும் இருக்கு." மீதியையும் சொன்னேன்.

அவள் கைகளை எடுக்கவில்லை. வெளியே பெரியபாளையம் கோயிலுக்குப் போகிறவர்கள் மஞ்சள் துணியோடு சாலை ஓரமாகக் கூட்டமாக நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். பஸ் ஹாரன் அடித்தபடி ஊர்ந்தது.

"அப்போ அடுத்த மாசத்துலருந்து மூணு மணிக்கு எழுந்துக்க வேணாம்" என்றாள்.

அவள் முகத்தில் முதலில் வந்தது நிம்மதிதான். சத்தியமாக நிம்மதி. உடம்பு கேட்டுக்கொண்டே இருந்த ஒன்றை யாரோ தருவதாகச் சொன்னதும், மனசு வந்து தடுப்பதற்குள் உடம்பு கை நீட்டிவிட்டது. ஒரு நிமிஷம் கழித்துத்தான் மற்றது புரிந்தது. கையை உருவிக்கொண்டாள். திருவள்ளூர் வரும் வரை டிபன் பையின் காதை முறுக்கிக்கொண்டே இருந்தாள். தூங்கவே இல்லை. அந்த பஸ்ஸில் அவள் தூங்காமல் வந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். கணக்கை நான் சரியாகப் போட்டேன், சரியாகப் போட்டதால்தான் இது நடந்தது. இதை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது என்று எனக்குத் தெரியவில்லை.

மாதக் கடைசி நாள். திருவாலங்காட்டுப் பக்கத்துப் பெண்கள் எல்லாருக்கும் அதுதான் கடைசி நாள். கம்பெனியில் ஆளுக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தார்கள். சாயங்காலம் செண்பகம் அக்கா அதை மடியில் வைத்துக்கொண்டு அதே இடத்தில் உட்கார்ந்தாள். நான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன். புழுதியில் நான் கிழித்த கோடுகள் அப்படியே இருந்தன. அவற்றின் மேலேயும் கொஞ்சம் புழுதி படிந்திருந்தது.

"வேலை கெடச்சிடுச்சு ஏஞ்சலு" என்றாள் அவள்.

"எங்கக்கா?"

"மறைமலை நகர். அங்க ஒரு கம்பெனில செக்கிங்குக்கே எடுக்கறாங்க. இங்க செஞ்ச வேலைன்னு சொன்னதும் ஒடனே வரச் சொல்ட்டான். பஸ்ஸும் ஊட்டாண்டயே வரும்."

"அவ்ளோ தூரமா? எத்தினி மணிக்கு பஸ்ஸு?"

"அரக்கோணம், காஞ்சிவரம்லாம் சுத்திக்கினு போவுதாம். ரெண்டு மணிக்கே வந்துடுமாம்." சொல்லிவிட்டுக் கணக்குப் போட்டாள். "ஒண்ணுக்கு எழுந்தா சரியா இருக்கும்."

அவள் என்னைத் தாண்டிக் கையை நீட்டி, ஜன்னலில் மூலையைத் தொட்டாள். அங்கிருந்து நிமிர்ந்த கோட்டின் வழியாக விரலை மெல்ல மேலே ஏற்றினாள். பழைய புள்ளி வந்தது. அதைத் தாண்டினாள்.

"அப்போ இங்கயா?" என்றாள். பிறகு யோசித்துவிட்டு, "இல்ல, இன்னும் மேலயா?"

விரல் ஏறிக்கொண்டே போனது. கண்ணாடி முடிந்து, ஜன்னலின் ரப்பர் விளிம்பும் முடிந்து, பஸ்ஸின் தகரத்தில் போய் நின்றது. அங்கே கோடு விழவில்லை. கொஞ்ச நேரம் விரலை அங்கேயே வைத்திருந்தாள். பிறகு கை வலித்ததோ என்னவோ, இறக்கி, ஸ்வீட் பாக்ஸின் மேல் வைத்துக்கொண்டு, என் தோளில் சாய்ந்து தூங்கிப் போனாள்.